வீக்கம் வந்தப்புறம் ஃபேக்டர் போட்டா போதாதா?

ஜனவரி 6, வாசகர் கேள்வி

பையனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. ஹீமோஃபிலியா ஏ, சிவியர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கற ஃபேக்டர் 8ங்கற புரதம் ஒரு சதவீதத்துக்கும் கீழ. இதுவரைக்கும் உதடு கிழிஞ்சு ரத்தம் நிக்காம போனது ஒண்ணுதான் பெருசா நடந்தது, மத்தபடி நீலநீலமா கன்னிப்போறதோட சரி. இப்ப டாக்டர் வாரம் ஒரு ஊசில ஆரம்பிச்சு போகப்போக மூணு வரைக்கும் கொண்டு போகலாம்ங்கறார். ஓடி ஆடிட்டு இருக்கற குழந்தைய ரெண்டு பேர் அமுக்கிப் புடிச்சு நரம்பு தேடிக் குத்தறதுக்கு மனசே வரல. ப்ளீட் ஆனா உடனே ஓடிப்போய் ஃபேக்டர் போட்டா போதாதா? ரத்தமே வராதப்ப எதுக்கு மருந்து?

ஜனவரி 6, ராத்திரி

போதாதுங்க. உங்க பையனுக்கு இருக்கற அதே சிவியர் ஏ எனக்கும், வயசு நாப்பதத் தாண்டிடுச்சு. நான் வளர்ந்தது முழுக்க நீங்க சொல்ற முறையிலதான், வீங்குனா ஓடு, போடு, கட்டு கட்டிப் படு. அதோட பலன் என் இடது கணுக்கால், மடங்காது, காலைல எந்திரிச்சதும் சுவத்தப் புடிச்சுத்தான் நடை. வலது முழங்கையும் முழுசா நீளாது, சட்டை பட்டன் மேல் ரெண்டையும் இடது கையாலதான் போடுவேன்.

"ரத்தமே வராதப்ப"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சிக்கல் அங்கதான். உதடு கிழிஞ்சா தெரியும். மூட்டுக்குள்ள கசியறது யாருக்குத் தெரியும்? மூட்டுக்குள்ள ஒரு மெல்லிய உறை இருக்கு, சைனோவியம்னு பேரு, ரத்தம் உள்ள வந்தா அதை உறிஞ்சி எடுக்கற வேலை அதோடது, உறிஞ்சும்போது ரத்தத்துல இருக்கற இரும்பும் அதுலயே தங்கிடும், அதுல உறை தடிச்சுப் புண்ணாயி புதுசா ரத்தக்குழாய் முளைக்கும், அந்தப் புதுக் குழாய் ரொம்ப லேசா உடையற ரகம், அப்ப அடுத்த ப்ளீடுக்கு அடி கூடப் படவேண்டாம், நடந்தாலே போதும். இப்படியே நடந்து குருத்தெலும்பு போயிடும். போனது போனதுதான், அப்புறம் எவ்வளவு ஃபேக்டர் கொட்டினாலும் அது வளராது.

2007ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, இந்த வியாதிக்காரங்க நடுவுல பிரபலம். ரெண்டரை வயசுக்குக் கீழ இருந்த பசங்களை ரெண்டா பிரிச்சாங்க, ஒரு பாதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபேக்டர் 8, இன்னொரு பாதிக்கு ப்ளீட் ஆனா மட்டும், ஆனா அப்ப நல்லா தாராளமான டோஸ். ஆறு வயசுல எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா முதல் கூட்டத்துல 93% பேருக்கு மூட்டு நல்லா இருந்துச்சு, ரெண்டாவதுல 55%. இதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேற. வெளிய தெரியற மாதிரி மூட்டுல ப்ளீடே ஆகாத சில பசங்களுக்கும் எம்ஆர்ஐல சேதம் இருந்துச்சு. அப்பா அம்மா கண்ணுக்கும் தெரியல, பையனுக்கும் வலிக்கல, உள்ள நடந்துட்டே இருந்துருக்கு.

ஜனவரி 7

முக்கியமான ஒண்ணை நேத்தே எழுதியிருக்கணும். வாரம் எத்தனை ஊசிங்கறதை எவ்வளவு வேணா பேசி முடிவு பண்ணுங்க, ஆனா தலையில அடி பட்டா பேச்சு கிடையாது. முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். வாந்தி வரட்டும் மயக்கம் வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது. எனக்கு ஒரு தடவை படில வழுக்கித் தலை இடிச்சு எமர்ஜென்சிக்குப் போனப்ப, ட்யூட்டில இருந்தவர் "ஸ்கேன் பாப்போம், ரத்தம் இருந்தா போடலாம்"னார். கைல நானே கொண்டு போன மருந்து இருக்கு, க்யூல உக்காந்தபடியே கலக்கிப் போட்டுக்கிட்டேன். அவருக்குக் கோவம். இருக்கட்டும், கோவம் ஆறிடும்.

வாய், தொண்டை, கழுத்து, வயிறு, இதுங்களும் அதே கணக்குதான். காத்திருக்கற விஷயம் இல்ல.

ஜனவரி 9

"ஒரு தடவை போட்டா எத்தனை நாள் நிக்கும்"னு தனியா கேட்டிருக்காங்க.

ஓட்டை வாளில தண்ணி ஊத்தற கதைதான். ஃபேக்டர் 8 பெரியவங்க உடம்புல கிட்டத்தட்ட 8லேந்து 12 மணி நேரத்துல பாதியாகுது. 40% வரைக்கும் ஏத்துனீங்கன்னு வைங்க, பாதியாக 12 மணி நேரம்னா அடுத்த நாள் அதே நேரம் 10%, ரெண்டாம் நாள் 2.5%, மூணாம் நாள் 0.6. அதாவது மூணாம் நாள் காலைல உங்க பையன் மறுபடி சிவியர். இதே பாதியாகற நேரம் 8 மணின்னா ரெண்டாம் நாளே 0.6க்கு வந்துடும். சின்னக் குழந்தைகளுக்கு சீக்கிரம் வடியும். ஓ க்ரூப் ரத்தக்காரங்களுக்கும் சராசரியா கொஞ்சம் வேகம்தான், ஏன்னா ஃபேக்டர் 8ஐ ரத்தத்துல பத்திரமா தூக்கிட்டுத் திரியற வான் வில்லிபிராண்ட் புரதம் அவங்களுக்குக் கொஞ்சம் கம்மி.

இதுலேந்து ரெண்டு விஷயம். திங்கள் புதன் வெள்ளின்னு போடறவங்களுக்கு ஞாயிறு சாயந்திரம்தான் பலவீனமான நேரம், பசங்க பயங்கரமா ஆடறதும் அன்னைக்குத்தான். அப்புறம், ஊசிய ராத்திரி போட்டுட்டுத் தூங்க வைக்கறவங்க இருக்காங்க, உச்சில இருக்கற ஃபேக்டரைத் தூங்கறதுக்கு வீணாக்கி என்ன புண்ணியம், காலைல போட்டு அனுப்புங்க. காலைல வீடு ரணகளமா இருக்கும்ங்கறது எனக்கும் தெரியும்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழிச்சு

ரணகளத்துலயும் கிளுகிளுப்பு உண்டு. அழுகைய நிறுத்த பொம்மைக்கும் பட்டர்ஃப்ளை ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டற குடும்பம் ஒண்ணு எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பொம்மைக்கு என்னைவிட நல்ல நரம்பு.

ஜனவரி 12

கீழ ஒருத்தர் "1%க்கு மேல இருந்தா போதும், அதுக்கு மேல போடறதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்"னு எழுதியிருக்கார். வியாபாரம் இல்லன்னு நான் சொல்லல. ஆனா அந்த 1% எங்கேந்து வந்துச்சுன்னு பாக்கணும். ஸ்வீடன்ல மால்மோங்கற ஊர்ல இங்கா மரீ நில்சன்னு ஒரு டாக்டரம்மா. பிறவிலயே 1லேந்து 5% வரைக்கும் ஃபேக்டர் இருக்கற மாடரேட் நோயாளிகளுக்கு மூட்டு அவ்வளவா கெடறதில்லைங்கறதைக் கவனிச்சு, அப்ப சிவியர் பசங்களையும் ஊசி போட்டு மாடரேட் ஆக்கிட்டா என்னன்னு 1958ல ஆரம்பிச்சாங்க. ரொம்ப எளிமையான யோசனை. அன்னைக்கு இருந்த மருந்துக்கு 1%ஐத் தாண்டறதே பெரிய சாதனை.

இன்னைக்கு நெலம அது இல்ல. உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு 2020ல விட்ட மூணாவது வழிகாட்டில 1% போதாதுன்னு வெளிப்படையாவே இருக்கு, நிறைய டாக்டருங்க 3லேந்து 5% வரைக்கும் குறையாம வெச்சுக்கத்தான் விரும்பறாங்க. மாடரேட் ஆளுங்களுக்கும் ப்ளீட் ஆகத்தானே செய்யுது, நாப்பது வயசுல அவங்க கணுக்காலையும் பாருங்க.

ஆனா ஒண்ணு. மருந்து தட்டுப்பாடான எடத்துல கிலோவுக்கு 10 யூனிட் வாரம் ரெண்டு தடவைன்னு போட்டாக்கூட, ஒண்ணுமே போடாம வீங்கட்டும்னு காத்திருக்கறதைவிட ப்ளீட் நல்லா குறையுது. முழு டோஸ் கிடைக்கலேன்னா சும்மா இருந்துடலாம்னு யாரும் எடுத்துக்க வேணாம்.

ஜனவரி 13

டோஸ் கணக்கு கேட்டவங்களுக்கு. இது உங்க டாக்டர் எழுதிக் குடுக்கறதைப் புரிஞ்சுக்க, நீங்களே முடிவு பண்ண இல்ல.

ஃபேக்டர் 8: கிலோவுக்கு 1 யூனிட் போட்டா ரத்தத்துல 2% ஏறும். அதனால எடை × ஏத்த வேண்டிய சதவீதம் × 0.5. பையன் 20 கிலோ, சாதாரண மூட்டு ப்ளீட், 40% வேணும்னா 400 யூனிட். குப்பி 250லயும் 500லயும் வருதுன்னா 500ஐ முழுசா போட்டுருவாங்க, பாதிக் குப்பியத் தூக்கிப் போடறதுங்கறது பாவம். தலை அடின்னா 80லேந்து 100%, அப்ப 1000 யூனிட் வரைக்கும்.

ஃபேக்டர் 9 (ஹீமோஃபிலியா பில குறையறது இதுதான்): கிலோவுக்கு 1 யூனிட்டுக்கு 1%தான் ஏறும், அதனால 0.5ஆல பெருக்கறதெல்லாம் இல்ல. அதே பையனுக்கு அதே 40%க்கு 800. செயற்கையா தயாரிக்கற ஃபேக்டர் 9 இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும், அதுக்குக் கூடுதலா வேணும், குழந்தைகளுக்கு இன்னும் கூட. பதிலுக்கு 9 கொஞ்சம் நிதானமா வடியும், பாதியாக 18லேந்து 24 மணி நேரம்.

ஜனவரி 15

"எங்களுக்கு பி, நாங்க க்ரையோ போட்டுக்கலாமா"ன்னு ஒரு தம்பி. வேணாம்பா. க்ரையோங்கறது பிளாஸ்மாவ, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதிய, உறைய வெச்சு உருக்கி எடுக்கற வண்டல், அதுல ஃபேக்டர் 9 கிடையாது. 8, ஃபைப்ரினோஜன், வான் வில்லிபிராண்ட் இதெல்லாம்தான் அதுல இருக்கு. சுத்திகரிச்ச 9 கிடைக்காத அவசரத்துல பிளாஸ்மாதான் மிச்சம், அதுல மில்லிக்கு சுமாரா 1 யூனிட்தான், தேவையான அளவு ஏத்தறதுக்குள்ள உடம்புல தண்ணி ரொம்பிடும்.

க்ரையோ பேச்சு வந்ததால சொல்றேன். 1964ல ஜூடித் பூல்னு அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானி, உறைஞ்ச பிளாஸ்மாவ மெதுவா குளிர்லயே உருக விட்டா அடில படியற வண்டல்ல ஃபேக்டர் 8 நிறைய உக்காந்திருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. வேண்டாம்னு விடற கசடு மாதிரி இருந்ததுலதான் சரக்கே இருந்திருக்கு. நான் சின்னப்பையனா இருந்தப்ப என் கைல ஏறுனது அந்த வண்டல்தான், பை பையா தொங்கும், ஏறும்போதே உடம்பெல்லாம் தடிச்சு அரிக்கும், அரிப்புக்கு தனியா ஒரு ஊசி. இப்ப இருக்கற பசங்க சின்னக் குப்பில வெள்ளைப் பொடிய கலக்கி அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு செல்போனைத் தூக்கறதைப் பாத்தா பொறாமையா இருக்கு, பொய் சொல்லல.

ஜனவரி 15, ராத்திரி

மேல எழுதுனதைப் படிச்சா அந்தக் காலத்துல ஊசி அரிச்சதுதான் பெரிய கஷ்டம்ங்கற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. 70கள்ல பொடி ஃபேக்டர் வந்தப்ப உலகமே கொண்டாடுச்சு, வீட்லயே போட்டுக்கலாம்னு. அந்தப் பொடி ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவ ஒண்ணாக் கலந்து செஞ்சது. ஒருத்தர் ரத்தத்துல கிருமி இருந்தா மொத்தத் தொட்டியும் போச்சு. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ரெண்டும் அப்படித்தான் ஒரு தலைமுறையையே சாப்பிட்டுச்சு. ஹீமோஃபிலியா பிக்கு கிறிஸ்மஸ் டிசீஸ்னு ஒரு பேர் உண்டு, 1952ல அதை விவரிச்சு எழுதுன கட்டுரைல முதல் நோயாளியா இருந்த ஸ்டீஃபன் கிறிஸ்மஸோட பேர்தான் அது. அவரும் ஏத்துன ரத்தம் வழியா வந்த எய்ட்ஸ்ல 1993ல போயிட்டார்.

80களோட நடுவுல சூடுபடுத்தி வைரஸைக் கொல்ற முறை வந்துச்சு, அப்புறம் ரசாயனத்துல கழுவறதும். ஃபேக்டர் 8 ஜீனை 1984ல பிரிச்செடுத்தாங்க, 1992ல மனுச ரத்தத்துலேந்து பிரிக்காம ஆய்வகத்துல வளர்த்த செல்லுலேந்து எடுத்த ஃபேக்டர் 8 விற்பனைக்கு வந்துச்சு, 9க்கு 1997. இன்னைக்கு பிளாஸ்மாலேந்து எடுக்கறதும் வைரஸ் விஷயத்துல நல்ல பத்திரம்தான், பயப்பட வேணாம். ஆனா வயசான ஹீமோஃபிலியாக்காரர் யாராவது புது மருந்துன்னதும் ஆயிரம் கேள்வி கேட்டா, சலிச்சுக்காம பதில் சொல்லுங்க. அவர் கூட விளையாடுன பசங்க பல பேர் இன்னைக்கு இல்ல.

ஜனவரி 18

நரம்பு விஷயத்துக்கு வரேன், ஏன்னா முதல் கேள்வி அனுப்புன அந்தப் பையனோட அம்மா கேட்டதுல பாதி அதுதான், நான் எம்ஆர்ஐ பத்தியே பேசிட்டுப் போயிட்டேன்.

குழந்தைக்கு ஊசி போடறது கஷ்டம்தான், அதை யாரும் லேசா பேசக்கூடாது. வாரம் ஒண்ணுல ஆரம்பிக்கறதுக்கு ஒரு காரணமே நரம்பும் குழந்தையும் வீடும் பழகட்டும்ங்கறதுதான். நரம்பு கிடைக்கவே இல்லன்னா நெஞ்சுல தோலுக்கடில ஒரு சின்ன டப்பா வைப்பாங்க, போர்ட்னு சொல்வாங்க, அதுல குத்தறது சுலபம், ஆனா இன்ஃபெக்‌ஷன் ஆகும், அடைக்கும், வைக்கவும் எடுக்கவும் ஆபரேஷன். கை நரம்புல சமாளிக்க முடிஞ்சா அதுதான் நல்லது. புறங்கை நரம்புதான் சின்னப் பசங்களுக்கு கைகொடுக்கும். கை சில்லுன்னு இருந்தா நரம்பு ஒளிஞ்சுக்கும், வெதுவெதுப்பா துணி சுத்தி வைங்க. நல்லா தண்ணி குடிச்சிருந்தா இன்னும் சுலபம். எடுத்ததும் அஞ்சு நிமிஷமாவது அழுத்திப் புடிங்க, நரம்பு வீணாகறது பல பேருக்கு குத்தறதுல இல்ல, சரியா அழுத்தாததுல.

கலக்கறப்ப: ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து ரூம் சூட்டுக்கு வர விடுங்க, சுடுதண்ணில முக்காதீங்க. தண்ணிய பொடி மேல நேரா பீச்சாம சுவரோரமா இறங்க விடுங்க. குலுக்கவே கூடாது, மெல்ல சுத்துங்க, குலுக்குனா நுரைக்கும், புரதம் கெட்டுடும். ஃப்ரீசர்ல வெச்சா அவ்வளவுதான், 2லேந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், சில பிராண்டை சில மாசம் வெளியயும் வைக்கலாம், பெட்டிக்குள்ள இருக்கற தாளைப் பாருங்க. கலக்குனதை சில மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். மெதுவா ஏத்துங்க. குப்பில ஒட்டிருக்கற லாட் நம்பரை நோட்டுல ஒட்டிடுங்க. இந்த நோட்டு எதுக்குன்னு என் கூட வந்தவங்க எல்லாரும் சிரிச்சிருக்காங்க, 15ஆம் தேதி ராத்திரி எழுதுனதைப் படிச்சா எதுக்குன்னு புரியும்.

ஜனவரி 22

இன்ஹிபிட்டர். இதைப் பத்தி யாருமே கேட்கலையேன்னு பாத்துட்டு இருந்தேன், கேட்டுட்டாங்க.

வெளிலேந்து போடற ஃபேக்டரை உடம்பு அந்நியன்னு நெனச்சு எதிர்ப்புப் பொருள் பண்ணிடும். சிவியர் ஏல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு வருது, பில 5%க்குள்ள. பெரும்பாலும் முதல் 50 தடவை போடறதுக்குள்ள, அதுலயும் முதல் 20ல அதிகம். அதனாலதான் ஆரம்பத்துல அடிக்கடி ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றாங்க, அதுக்கு முணுமுணுக்காதீங்க. அளவு பெதெஸ்டா யூனிட்ல வரும், 5க்கு மேல போனா ஹை. வீட்ல தெரியற அடையாளம் ஒண்ணுதான்: வழக்கமா கேக்கற டோஸ் கேக்கல. ஊசி போட்டும் வீக்கம் இறங்கலேன்னா "இன்னொரு குப்பி போடுவோம்"னு அங்கயே நிக்காம டெஸ்டுக்குப் போங்க.

"அப்ப ஊசியே போடாம இருந்தா இன்ஹிபிட்டரும் வராதே"ன்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். வராது, சரி. எப்பயாவது பெரிய அடி பட்டு நாலஞ்சு நாள் தொடர்ந்து அதிக டோஸ்ல போட வேண்டி வந்தா அப்ப வரும், அதுதான் ரொம்ப மோசமான ஆரம்பம். நல்லா இருக்கற நேரத்துல கம்மி டோஸ்ல பழக்கறது நல்லதுன்னு சொல்றவங்க அதிகம்.

எந்த மருந்துல கம்மியா வரும்ங்கறது பெரிய சண்டை. 2016ல சிப்பெட்னு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுவரை ஃபேக்டரே போடாத குழந்தைகள், பிளாஸ்மாலேந்து எடுத்த ஃபேக்டர் 8ல 26.8% பேருக்கு, ஆய்வகத்துல செஞ்சதுல 44.5% பேருக்கு இன்ஹிபிட்டர். வைரஸுக்குப் பயந்து பிளாஸ்மாவ ஒதுக்குனவங்களுக்கு அது நல்ல அடி. உங்க டாக்டர் எதைத் தேர்ந்தெடுக்கறார், ஏன்னு வெக்கப்படாம கேளுங்க.

வந்துட்டா என்ன? ப்ளீடுக்கு 8ஐத் தாண்டிப் போற மருந்து ரெண்டு இருக்கு, செயலூட்டுன ஃபேக்டர் 7, இன்னொண்ணு ஃபெய்பா. 7ஐ ரெண்டு மூணு மணிக்கொரு தடவை போடணும், ராத்திரி தூக்கம் போச்சு. இன்ஹிபிட்டரையே ஒழிக்கறதுக்கு தினம் ஃபேக்டர் போட்டு உடம்பை சரிக்கட்டற வழி ஒண்ணு, ஜெர்மனில பான் நகரத்துல ஆரம்பிச்சது, மாசக்கணக்குல இழுக்கும். பில இன்ஹிபிட்டர் அபூர்வம்தான், ஆனா வந்தா ஃபேக்டர் 9 போடற நேரத்துலயே மூச்சு முட்டற அலர்ஜி வரலாம், அதனால பிக்கு முதல் ஊசிகளை ஆஸ்பத்திரிலயே போடுங்க, வீட்ல வேணாம்.

ஜனவரி 23

நேத்து எழுதுனதைப் படிச்சுட்டு அந்த அம்மா "தூக்கம் வரல"ன்னு எழுதியிருக்காங்க. மூணுல ரெண்டு பேருக்கு வராதும்மா. வந்தவங்கள்ல பாதிக்கு மேல சரியாயிடறாங்க, சிலருக்கு தானாவே போயிடும். இதையும் சேத்து எழுதியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்க.

ஜனவரி 27

தோலுக்கடில போடற ஊசி இருக்கறப்ப எதுக்கு நரம்பு தேடணும்னு இளசுகள் ரெண்டு பேர். நியாயமான கேள்வி. எமிசிஸுமாப், 2017ல இன்ஹிபிட்டர்காரங்களுக்கு, 2018ல ஏல எல்லாருக்கும் அமெரிக்காவுல அனுமதி. இது ஃபேக்டரே இல்ல. ஃபேக்டர் 8 உள்ள என்ன வேலை பாக்குது? 9ஐயும் 10ஐயும் பக்கத்துல கொண்டு வந்து சேத்து வைக்குது. இந்த மருந்து ரெண்டு கையாலயும் அதுங்களப் புடிச்சு அதே வேலையப் பண்ணுது. வாரம் ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு போடலாம். உச்சி பள்ளம் கிடையாது, ஞாயிறு சாயந்திரக் கதை கிடையாது. நரம்பு கிடைக்காத குழந்தைக்கு இது வரம், கிடைச்சா யோசிக்காம டாக்டர்கிட்ட பேசுங்க, அம்மாவுக்கும் இதையேதான் சொல்வேன். பிக்கு இது வேலை செய்யாது.

ஆனா "இனிமே ஃபேக்டரே வேணாம்"ங்கறவங்களோட எனக்கு சண்டை. இது ஒரு மிதமான பாதுகாப்பு. பெரிய அடி, ஆபரேஷன்னா ஃபேக்டர் வேணும். இதை எடுத்துட்டு இருக்கும்போது ரத்தம் உறையற நேரத்தைப் பாக்கற ஏபிடிடி டெஸ்ட் நார்மலாவே வரும், எமர்ஜென்சில தெரியாத டாக்டர் அதைப் பாத்துட்டு "ரத்தம் நல்லாத்தானே உறையுது"ம்பார், நம்பாதீங்க, இந்த மருந்து எடுக்கறேன்னு எழுதுன அட்டை பர்ஸ்ல இருக்கணும். இன்ஹிபிட்டர் இருந்து இதை எடுக்கறவங்க ஃபெய்பாவ அதிக அளவுல சேத்தா சின்ன ரத்தக்குழாய்ல கட்டி கட்டற ஆபத்து, ஆரம்ப ஆய்வுலயே நடந்துருக்கு, அதனால டாக்டர் சொல்லாம வேணாம்.

ஃபேக்டர்லயும் நீடிச்சு நிக்கறது வந்திருக்கு. 9ஐ நல்லா நீட்டிட்டாங்க, வாரம் ஒண்ணு, சிலருக்கு அதுக்கும் மேல இடைவெளி. 8தான் ஒன்றரை மடங்குக்கு மேல நகராம அடம் புடிச்சுது, ஏன்னா அது வான் வில்லிபிராண்ட் போற வேகத்துலதான் போகும். 2023ல வந்த ஒரு புது வகைல அந்தப் புடியவே கழட்டி விட்டுட்டாங்க, பெரியவங்களுக்குப் பாதியாக 40 மணி நேரத்துக்கு மேல ஆகுது, வாரம் ஒண்ணு. நான் மேல போட்ட திங்கள் புதன் வெள்ளிக் கணக்கெல்லாம் அதுக்கு செல்லாது.

பிப்ரவரி 2

ப்ளீட் ஆரம்பிக்கறதை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு. பெரியவங்களுக்கு வீக்கத்துக்கு முன்னாடியே ஒரு மாதிரி குறுகுறுன்னு, உள்ள சூடா, இறுக்கமா தெரியும். எனக்கு கணுக்கால்ல செருப்பு சின்னதாயிட்ட மாதிரி இருக்கும். அப்பவே போட்டுடணும், வெளிய தெரியட்டும்னு இருந்தா ஒரு குப்பில முடியறது ஒரு வாரம் இழுக்கும். சந்தேகமா இருந்தாலும் போடு, வீணாப் போனா போகட்டும்ங்கறது எங்க கட்சி.

ரெண்டு வயசுக் குழந்தை சொல்லாது. ஒரு கால்ல எடை வைக்காது, ஒரு கைய உபயோகிக்காம இன்னொரு கையால எடுக்கும், டயபர் மாத்தறப்ப கத்தும், படி இறங்கறப்ப வழக்கமில்லாம தூக்கச் சொல்லும். பத்து வயசுப் பையனுக்கு வாய் இருக்கும், ஆனா மறைப்பான். நான் மறைச்சிருக்கேன். சொன்னா படுக்கை, ஆட்டம் கட், அப்புறம் "எத்தனை தடவை சொன்னேன் குதிக்காதேன்னு". சொன்னதுக்குத் திட்டு விழாதுன்னு தெரிஞ்சாத்தான் அவன் சீக்கிரம் சொல்வான், அந்த ஒரு மணி நேரம்தான் மூட்டைக் காப்பாத்தும்.

ஒரே மூட்டுல ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவை தானா ப்ளீட் ஆனா அதை டார்கெட் ஜாயிண்ட்ம்பாங்க, அதுக்கு முன்னாடியே டோஸை மாத்தச் சொல்லிக் கேளுங்க.

பிப்ரவரி 3

தொடை இடுக்குல வலி, காலை நேரா நீட்ட முடியல, மடக்கி வெச்சா சுகமா இருக்கு, தொடை முன்பக்கம் மரத்த மாதிரி. இது வலது பக்கம் வந்தா அப்பெண்டிக்ஸ்னு நெனச்சு கத்தி எடுத்துடுவாங்க. பெரும்பாலும் சோவாஸ்ங்கற, இடுப்புக்குள்ளேந்து தொடைக்கு வர்ற தசைக்குள்ள ப்ளீட். ரத்தம் நிறைய போகும், தொடையோட உணர்வு நரம்பை அழுத்தும், அதனால 80லேந்து 100% வரைக்கும் ஏத்தி நாள் கணக்கா தொடர்ந்து போடணும். ஃபேக்டர் போட்டுட்டு ஸ்கேனுக்குப் போங்க, நடந்து போகாதீங்க.

பிப்ரவரி 8

வலிக்கு: பாராசிட்டமால் சரி. ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. சதைல ஆழமா குத்தற ஊசியும் வேணாம். தடுப்பூசி போடணுமான்னு கேட்டவருக்கு, கண்டிப்பா போடணும், முடிஞ்சா தோலுக்கடில, இல்லேன்னா ஃபேக்டர் போட்டுட்டு சின்ன ஊசில, அழுத்திப் புடிச்சு.

அக்கா தங்கச்சி இருக்கறவங்க அவங்க ஃபேக்டர் அளவையும் ஒரு தடவை பாத்துடுங்க. கேரியர், அதாவது கோளாறான ஜீனைச் சுமக்கறவங்கன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டு இருந்து பல் புடுங்கறப்பவோ பிரசவத்துலயோ திண்டாடுனவங்க நிறைய. 40%க்குக் கீழ இருந்தா அவங்களுக்கும் ஹீமோஃபிலியாதான்.

பிப்ரவரி 9

பல்லுன்னதும் எல்லாரும் ட்ரானெக்ஸாமிக் மாத்திரைன்னு ஆரம்பிச்சுட்டீங்க. வாய் ப்ளீடுக்கு நல்ல மருந்து, எச்சில்ல கட்டி கரையாம காக்கும், பல் எடுக்கறப்ப முன்னாடி ஃபேக்டர், பின்னாடி சில நாள் இந்த மாத்திரைன்னு போனா ஃபேக்டர் நிறைய மிச்சம். கீழ்த் தாடைக்கு மரத்துப்போற ஊசி ஆழமா போடுவாங்க, அதுக்கு முன்னாடி ஃபேக்டர் போட்டிருக்கணும், பல் டாக்டர்கிட்ட நாற்காலில உக்காரறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஆனா அதே மாத்திரைய யூரின்ல ரத்தம் வந்தப்பவும் போட்டேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குப் போடாதீங்க, ரத்தக்கட்டி கரையாம சிறுநீர்க்குழாய்ல அடைச்சுக்கும். தண்ணி நிறைய குடிச்சுட்டு படுத்து ரெஸ்ட் எடுங்க, ரத்தக்கட்டி போனாலோ வலி இருந்தாலோ நிக்கலேன்னாலோ ஹீமோஃபிலியா சென்டருக்குப் போங்க.